தேன் வீட்டு ஆள்

கடைவாய்ப் பல்லின் குழியை அடைக்க இரண்டாம் தடவையாக வந்தது சிமென்ட். இந்த முறை பல் டாக்டர் அதோடு ஒரு சிட்டிகை தேனீப் பிசினையும் குழைத்திருந்தார்.

"எங்கேயிருந்து வர்றே?" என்றது சிமென்ட்.

"தேன்கூட்டிலிருந்து அண்ணே. அங்கேயும் ஓட்டை அடைக்கிற வேலைதான்."

பல் பதறிப்போனது. "தேன் வீட்டு ஆளா? வாசனை பிடிச்சுக்கிட்டு கிருமியெல்லாம் வந்துடுமே! இன்னொரு தடவை சொத்தை விழுந்தா என்னைப் பிடுங்கிடுவாங்கப்பா!"

"உன்னால எனக்கும் கெட்ட பேரு" என்று சிமென்ட் பிசினை முறைத்தது. அது பாட்டுக்குக் குழியை அடைத்துக்கொண்டிருந்தது பிசின்.

சாயங்காலம் வாய்க்குள் ஜாங்கிரி வந்தது. பின்னாலேயே கிருமி சொந்தபந்தத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிசினை மோந்து பார்த்ததும் அதற்கு ஒரே குஷி. "டேய், தேன் வீட்டுக்காரர் வந்திருக்கார்டா!" என்று ஆசையாக ஒரு நக்கு நக்கியது.

"ஐயோ, என்ன கசப்பு!"

சொந்தபந்தமெல்லாம் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. கிருமி காறித் துப்பியது. "தேன் வீட்டிலே பிறந்துட்டு ஏன்யா இப்படி இருக்கே?"

"தேன் உள்ளே இருக்கும் தம்பி" என்றது பிசின். "நான் வாசல்ல நிக்கிறவன்."