தங்கப்பழத்துக்கு விழுந்த ஓட்டு

மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்த தங்கப்பழத்துக்கு இந்தத் தடவை கட்சி சீட் கொடுக்கவில்லை. தொகுதி மக்களிடம் போனில் பேசுவதற்காக, அவர் குரலையும் குணத்தையும் கற்றுக்கொடுத்து வைத்திருந்த ஏ.ஐ. நகலையே வேட்பாளராக நிறுத்திவிட்டது. ஆத்திரத்தில் சுயேச்சையாக நின்றார். சொந்த வாக்குச்சாவடியில் அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதுவும் அவரே போட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "செல்வக்கனி, நீ யாருக்குப் போட்ட?"

அவள் மறைக்கவில்லை. "எங்கம்மா செத்த அன்னிக்கு நீங்க சட்டசபையை விட்டு வரல. உங்க நகல்தான் போன் போட்டு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்துச்சு."

கட்சி முதுகில் குத்தியபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. நகல் போன் போட்டுத் துக்கம் விசாரிக்க வேண்டியவர்கள் பட்டியலில் அன்று அவள் எண்ணையும் சேர்க்கச் சொன்னது அவர்தான்.