தவக்காலத்துச் சுவரொட்டி

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, நடுப்பகல். உபதேசியார் பிராங்கிளின் தன் அக்கா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வறுவலை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். அதுவும் நோயாளியின் தட்டிலிருந்து.

கரண்ட் போய் போர் குழாயில் தண்ணீர் வராததால், காலிக்குடத்தோடு சீக்கிரமே திரும்பிய அக்கா ஆனந்தமேரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கட்டிலின் மறுமுனையில் அவள் புருஷன் கிளெமென்ட் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"ஏலே, என்னடா இது?"

பிராங்கிளின் வாயில் இருந்ததை விழுங்கினார்.

நாற்பது நாளும் யாரும் கறி எடுக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்கிறவர் இவர்தான். போன வருஷம் ஆம்லெட் போட்ட வீட்டுக்காரரைக் கோயிலில் எல்லார் முன்னாலும் பேர் சொல்லிக் கேட்டவர். இன்று சாயங்காலம் சிலுவைப்பாதை நடத்தப் போகிறவரும் இவர்தான்.

ஆனால் மேரிக்குத் தம்பியின் பாவம் பெரிதாகப் படவில்லை. சுவரொட்டிதான் பெரிதாகப் பட்டது.

கிளெமென்ட் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நுரையீரலில் புற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார். முந்தின தடவை புதிதாக ஒரு மருந்தும் சேர்த்து ஏற்றினார்கள்.

"கட்டி தனக்குன்னு புதுசா ரத்தக்குழாய் இழுத்துக்குதும்மா. மெயின் பைப்புல திருட்டு கனெக்‌ஷன் எடுக்கிற மாதிரி. இந்த மருந்து அந்தக் குழாயை வளர விடாது" என்று டாக்டர் விளக்கியிருந்தார்.

தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த திண்டுக்கல்காரிக்கு அது நன்றாகவே புரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போதுதான் குழப்பம் வந்தது. ரத்தத்தை நிறுத்தினால் கட்டி வாடும், சரி. மனுஷனுக்கு எங்கேயிருந்து ரத்தம் வரும்? டாக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்க வெட்கம். தானாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். மருந்து நிறுத்துகிற ரத்தத்தை நாம் ஊறவைத்துவிட வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து சுவரொட்டி, ஈரல், ரத்தப் பொரியல் என்று மாறி மாறிச் சமைத்தாள். நோயாளிக்குத் தவக்காலம் கிடையாது என்று ஃபாதரே சொல்லிவிட்டார். தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள். திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை மதுரையில் எடை பார்த்தபோது நாலு கிலோ குறைந்திருந்தது.

"நல்லாச் சாப்பிடுறாரா?" என்றார் டாக்டர்.

"தட்டை வழிச்சுச் சாப்பிடுறாரு சார்."

டாக்டரும் குழம்பிப் போனார். "சாப்பிட்டும் இம்புட்டுக் குறையுதுன்னா மருந்து ஒத்துக்கலையோ என்னவோ. அடுத்த தடவையும் குறைஞ்சா நிறுத்த வேண்டியிருக்கும்மா."

மூன்று நாளாக மேரிக்குத் தூக்கமில்லை. காரணம் இதோ, வாயைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

"சீக்காளி சோத்தத் திங்க ஒனக்கு வெக்கமா இல்லையாடா? தெனமும் ஜெபம் சொல்ல வாரேன் வாரேன்னு வந்தது இதுக்குத்தானா? ஒன்னால அந்த மனுசனுக்கு மருந்தையே நிறுத்தப் போறாங்கடா."

பிராங்கிளின் நிமிர்ந்தார். "மருந்த நிறுத்துறாங்களா? மாமா எங்கிட்டச் சொல்லலையே அக்கா."

"ஒங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? தின்னி மாடு. சாயங்காலம் ஃபாதர்கிட்ட வந்து சொல்றேன் பாரு. ஒனக்கு உபதேசியார் வேல ஒரு கேடா? எந்திரி. இனி இந்த வாசப்படிய மிதிக்காத."

அவர் எழுந்து கை கழுவினார். கட்டிலில் இருந்தவரை ஒரு தரம் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சட்டியில் மிச்சமிருந்த வறுவலைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, மேரி புருஷன் அருகில் உட்கார்ந்தாள்.

"பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஆ காட்டுங்க."

கிளெமென்ட் வாயைத் திறந்தார். மென்றார். இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, துண்டில் துப்பிவிட்டார்.

"வாசம் பட்டாலே கொமட்டுது மேரி. அந்தப் புது ஊசி போட்டதுல இருந்தே இப்புடித்தான். மோரு மட்டும் கொஞ்சம் இறங்குது."

"அத டாக்டர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நீ பக்கத்துல ஒக்காந்து, தட்ட வழிச்சுத் திங்கிறாருன்னு அம்புட்டுச் சந்தோசமாச் சொல்ற. நான் எப்புடி இல்லன்னு சொல்ல?"

அவள் பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது.

"மிச்சம் வச்சா நீயும் பட்டினியாப் படுத்துர்ற. நான்தான் மாப்ளயக் கூப்புட்டு, எனக்காகத் தின்னுருடான்னு காலப் புடிக்காத கொறையாக் கேட்டேன்."

"அவன் தவக்காலத்துல முட்டையக்கூடத் தொட மாட்டானே..."

"மொத நாளு தின்னுட்டுக் கொல்லைக்குப் போயி அம்புட்டையும் வாந்தி எடுத்தான் மேரி. மறுநாளும் வந்தான்."