கீழ் வீட்டுப் பாட்டு

டொம்! டொம்! டொம்!

தரை அதிர்ந்தது. டீபாய் மேலிருந்த காபி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"திருச்சின்னீங்களே, திருச்சியில எந்தத் தெரு?" என்று கேட்ட லோகநாயகி, திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

ஜம்புநாதன் துள்ளி எழுந்தார். "பாருங்கம்மா இந்த அநியாயத்தை! கீழ் வீட்டு ஸ்பானிஷ்காரன். மாண்ட்ரியல் முழுக்கத் தேடி எனக்குன்னு வாய்ச்சான் பாருங்க, குடித்தனக்காரன்!"

அவர் மகள் ரஞ்சனாவைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான லவாலிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹர்ஷுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவன் அம்மா லோகநாயகி தலையாட்டுவதுதான் பாக்கி.

"பாட்டா இது? குமட்டுது," என்றாள் லோகநாயகி.

"ராப், ஆன்ட்டி. அவரே எழுதிப் பாடறார்," என்றாள் ரஞ்சனா. கல்லூரியில் ஸ்பானிஷ் எடுத்திருந்தாள்.

"அப்படி என்னத்தைத்தான் கத்தறான்?"

ரஞ்சனா காது கொடுத்துக் கேட்டுச் சொன்னாள். "எங்க தெருவுல போஸ்ட்மேன் கால் வைக்க மாட்டான். உங்க வீட்டுக் கக்கூஸ் குழியை எங்கம்மா வாளியில அள்ளுவா. ஸ்கூல்ல என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க..."

"ச்சீ!" லோகநாயகி கேசரிக் கிண்ணத்தைத் தள்ளினாள். "சாப்பிடற நேரத்துல! இதையெல்லாமா வெளியில சொல்லுவாங்க? வெட்கங்கெட்ட ஜனம்!"

"அதானே! அசிங்கம் பிடிச்சவன்," என்றார் ஜம்புநாதன், தேவைக்கு மேல் உரக்க. சொன்னதும் வாய் கசந்தது.

"இன்னும் இருக்குப்பா. 'ஊரை மாத்தினேன், பேரை மாத்தினேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சேன், தோல்தான் உரிஞ்சுது. இன்னைக்குக் கண்ணாடியில பார்த்தா எங்கம்மா முகம். எவ்வளவு அழகா இருக்கா!'"

ஜம்புநாதன் தரையையே பார்த்தார். மனைவி அனுசூயா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அழகாம்!" தரை வழியாக நாற்றம் ஏறி வருவதுபோல் லோகநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கக்கூஸ் அள்றவளுக்கு அழகு வேற கேடா? த்தூ!"

"அம்மா, போதும்," என்றான் ஹர்ஷ்.

"நீ சும்மா இருடா. இவருக்கும் அருவருப்பா இருக்கு, பார்த்தியா? நம்ம மாதிரி ஆளுங்கதான். இனி தெருவும் கேட்க வேண்டாம், ஒண்ணும் கேட்க வேண்டாம். முதல்ல கீழ போய் அவனை வாயை மூடச் சொல்லுங்க. வந்ததும் நல்ல நாள் பார்த்துடலாம், சம்பந்தி!"

ரஞ்சனாவின் முகம் மலர்ந்தது.

ஜம்புநாதன் கதவு வரை போனார். கைப்பிடியைத் தொட்டவர் திறக்கவில்லை. மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பினார்.

"எங்கம்மாவும் அந்த வேலைதான் செஞ்சாங்க, சம்பந்தி."