இன்னும் கொஞ்சம் சத்தம்

“இது பத்தாதுண்ணே. இன்னொண்ணு மாட்டுங்க” என்றாள் லாரிக்காரனின் பெண்டாட்டி.

பாட்டு செட்டு மாட்டுகிறவர் வாயில் கடித்திருந்த ஒயரை எடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அண்டா அகலத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை ஏற்கெனவே இறுக்கியாகிவிட்டது. கிழட்டு லாரி, தகரமெல்லாம் துரு. இதற்கு மேல் வைத்தால் முன்கண்ணாடி கழன்று மடியில் விழும் என்றார்.

விழட்டும் என்றாள்.

இந்த ஷெட்டுக்கு வருகிற பெண்டாட்டிமார் எல்லாம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் மல்லுக்கு நிற்பார்களாம். அவரே சொல்லிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

புருஷன் லாரி நிழலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள், தானாக வந்து லாரிக்குப் பெரிய செட்டு மாட்டலாம் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் தம்பி இந்த லாரியில்தான் கிளீனராக இருந்தான். இந்த லாரிக்கும் ஒரு குடோன் சுவருக்கும் நடுவில் நசுங்கித்தான் செத்தான்.

லாரி பின்னால் வரும்போது பாடியைத் தட்டுவது கிளீனர் வேலை. விடாமல் தட்டினால் வரலாம். ஓங்கி ஒரே அடி அடித்தால் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அவன் ஓங்கி அடித்ததை, மூட்டை இறக்க நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். லாரி நிற்கவில்லை.

“பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு, கேக்கல.”

போலீசிடமும் அதைத்தான் சொன்னான். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளிடமும் அதையேதான் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அப்போது லாரியில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஸ்பீக்கர். அதிலும் ஒன்று எப்போதோ செத்துப்போனது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தம்பி செத்த அன்று காலை அவனும் புருஷனும் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டார்கள் என்று அவள் காதுக்கு வந்தது. எதுக்கு என்று கேட்டதற்கு, ஆம்பளைங்க விஷயம் உனக்கு எதுக்கு என்று சீறினான். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

தம்பி இருந்தவரை பீற்றிக்கொள்வான். அவன் தட்டுவது மாமா காதுக்கு இல்லையாம், முதுகெலும்புக்காம். பின்னால் அடிக்கிற அடி இரும்போடு ஓடிப்போய் டிரைவர் சீட்டுக்கு அடியில் குத்துமாம். தலைமேல் இடி விழுந்தாலும் அது தெரியுமாம்.

பாவி, அவன் ஒன்றைப் பத்தாகச் சொல்கிற வாயாடி. அதனால் அவளால் அதை நம்பவும் முடியவில்லை, விட்டுத்தொலைக்கவும் முடியவில்லை. அதோடுதான் சோறு தின்றாள், அதோடுதான் புருஷன் பக்கத்தில் படுத்து எழுந்தாள்.

மூன்றாவது ஸ்பீக்கரும் ஏறியது.

புருஷன் துள்ளி ஏறி உட்கார்ந்து பாட்டைப் போட்டான். கூரைத் தகரம் அதிர்ந்தது. பலகையில் இருந்த ஸ்பேனர்கள் தாமாக நகர்ந்து கீழே விழுந்தன. செட்டு மாட்டுகிறவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவள் இன்னும் ஏற்று என்று கையைக் காட்டினாள். அவன் குமிழைக் கடைசிவரை திருகினான்.

ஷெட்டிலிருந்து லாரி பின்பக்கமாகத்தான் வெளியே வர வேண்டும். எதிரே காம்பவுண்டுச் சுவர். அவள் ஓரக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று, வா வா என்று கையாட்டினாள். பிறகு நகர்ந்து நடுவில் போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். அந்த இடம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. தம்பி நின்றதும் அந்த மாதிரி இடத்தில்தான்.

லாரி வந்தது.

நிற்காதே என்றுதான் அவள் மனசார வேண்டிக்கொண்டாள். நிற்காவிட்டால் புருஷன் சொன்னது உண்மை. பாட்டுச் சத்தத்தில் நிஜமாகவே தெரியவில்லை. தம்பி போனது அவன் தலையெழுத்து, அவளும் அதே வழியில் போய்ச் சேரலாம். ஒரு கொலைகாரனுக்குச் சோறு போட்டோம் என்பது மட்டும் இல்லாமல் போகும்.

பின்பலகை கைக்கு எட்டியது. உள்ளங்கையை விரித்து ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தாள். அந்தச் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

லாரி நின்றது.

அடித்த கையை அவள் இன்னும் பலகையிலிருந்து எடுக்கவில்லை. பாட்டு அடங்கியது. புருஷன் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினான்.

“எதுக்குத் தட்டுன? இன்னும் எடம் கெடக்குல்ல?”

செட்டு மாட்டுகிறவர் காதிலிருந்து கையை எடுத்தார். “தட்டுனாங்களா? வெளிய நின்ன எனக்கே ஒண்ணும் கேக்கலியேப்பா” என்றார்.

புருஷன் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் சுவருக்கும் லாரிக்கும் நடுவிலிருந்து வெளியே வந்தாள். அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகச் செட்டு மாட்டுகிறவரிடம் போனாள்.

“இப்ப ஒண்ணு சொன்னீங்களேண்ணே” என்றாள். “அத மட்டும் மறந்துராதீங்க.”