பறந்த சில்லு

"கட்டின பொண்டாட்டின்னுகூடப் பார்க்க மாட்டாருப்பா மனுஷன். அதான் தராசுன்னு பேரு!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ சொன்னது, இந்தப் பக்கம் தோட்டாப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த டீச்சரின் காதில் விழுந்தது.

"அப்போ வீட்ல சோறு கிடைக்குமா அவருக்கு?" என்று இன்னொரு குரல் சிரித்தது.

"கிடைக்குதோ இல்லையோ, நேர்மைன்னா அப்படி இருக்கணும்."

டீச்சர் பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.

தராசு என்பது அவள் கணவர். இயந்திரம் வானில் எறியும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் போட்டிக்கு நடுவர். தட்டிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து பறந்தாலும் 'ஹிட்'. வெறும் தூசி கிளம்பினால் 'மிஸ்'. மைதானம் முழுக்கப் பழைய சில்லுகள் கிடப்பதால் தேடிப் பொறுக்கிக் காட்டவும் முடியாது. நடுவர் கண்தான் சாட்சி.

போன வருடம் ஒரே ஒரு தட்டில் மாநில அணிக்குப் போகும் வாய்ப்பு அவள் கை நழுவியது. காலையில் காரில் வரும்போதுகூட அதைத்தான் கேட்டாள்.

"என் கடைசித் தட்டுல சில்லு பறந்துச்சுங்க. நான் பார்த்தேன்."

"சுடறவங்க எல்லாருக்கும்தான் சில்லு பறந்த மாதிரி தெரியும்."

"உங்க கண்ணுக்கு மட்டும் தெரிய மாட்டேங்குதே!"

"சந்தேகம்னா மிஸ்தான். நாளைக்கு நாலு பேர் ஒண்ணு சொல்லிடக்கூடாது பாரு."

"சொல்லட்டுமே."

"சுலபமா சொல்லிட்டே. கேக்கப்போறது நான்."

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இது நான்காவது முயற்சி. அணியில் பாக்கி இருப்பது ஒரே ஓர் இடம். இன்றைக்கு அதை எடுக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

மதியத்துக்குள் மிஞ்சியது இரண்டு பேர். டீச்சரும், அவளைவிடப் பதினைந்து வயது சின்னவளான பல் டாக்டரும். இருவருக்கும் சரிசமமான புள்ளி. இனி ஆளுக்கு ஒரு தட்டு, ஒரே ஒரு தோட்டா. ஒருவர் அடித்து மற்றவர் தவறவிடும்வரை போட்டி தொடரும்.

"டீச்சர், நான் ஜெயிச்சா உங்களுக்கு இலவசமா ஒரு பல் பிடுங்கித் தரேன்."

"நான் ஜெயிச்சா உனக்கு ரெண்டு மணி நேரம் அல்ஜீப்ரா."

"ஐயோ, பல்லே தேவலை!"

முதலில் டாக்டர் சுட்டாள். தட்டு அலுங்காமல் போய்ப் புல்லில் விழுந்தது.

"மிஸ்" என்றார் நடுவர்.

டீச்சர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினாள். கன்னத்தை அதன் கட்டையோடு ஒட்டினாள். தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்தாள். ஆரஞ்சுத் தட்டு இடது பக்கம் சீறிக்கொண்டு கிளம்பியது. சுட்டாள்.

விளிம்பிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து தனியாகச் சுழன்று விழுந்தது.

நடுவர் ஒரு கணம் தாமதித்தார்.

"மிஸ்."

பின்னால் யாரோ கை தட்டினார்கள். "தராசுய்யா, தராசு!" அவர் தோள் லேசாக நிமிர்ந்தது.

டீச்சர் துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துப் போட்டுவிட்டு, வலது கையை உயர்த்தினாள்.

கைதட்டல் நின்றது. இத்தனை வருடத்தில் அவள் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. தீர்ப்பை எதிர்த்துக் கை தூக்கினால் இரண்டு துணை நடுவர்களையும் கேட்டே ஆக வேண்டும். அது விதி.

"நான் சில்லைப் பார்த்தேன் சார்" என்றார் இடது பக்கம் நின்றவர்.

"எனக்குக் கண்ணுல வெயில் சார், தெரியலை" என்றார் வலது பக்கம் நின்றவர்.

முடிவு மறுபடியும் அவரிடமே வந்தது.

டீச்சர் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். கை கீழே இறங்கவில்லை.

"சார், நீங்க பார்த்தீங்களா, இல்லையா?"

"சந்தேகம்னா..."

"சந்தேகம் இருந்துச்சான்னுதான் கேக்கறேன்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார்.

"அங்கே பார்க்காதீங்க. என் இடத்துல டாக்டர் நின்னு சுட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? அதைச் சொல்லுங்க, போதும். நான் போயிடறேன்."

டாக்டர் தலை குனிந்துகொண்டாள்.

"ஹிட்னு சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

"அப்போ பார்த்தீங்க."

"பார்த்தேன்." அவள் பக்கம் திரும்பினார். "போன வருஷமும் பார்த்தேன்."

டீச்சரின் கை மெல்ல இறங்கியது.

அவர் மதிப்பெண் மேசைக்குப் போனார். அவள் பெயருக்கு நேரே போட்டிருந்த சுழியை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு நடுவர் மேல்சட்டையைக் கழற்றி, மடித்து, அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்.