சட்டைப்பையில் டோக்கன்

பாத்ரூம் போகிறவர்கள் கையில் எடுத்துப் போகவேண்டிய டோக்கனைப் பழைய மேனேஜர் ஆணியில் மாட்டியிருந்தார். புதியவர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரிடம் போய்க் கேட்கக் கூசி, எங்கள் தையல் லைனில் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை. தலைசுற்றலோடு தைத்த காலர்கள் கோணிக்கொண்டு, மூட்டை மூட்டையாகத் திரும்பி வருகின்றன.

முதலாளி வந்து காரணம் கேட்டார்.

"மெஷினை மாத்தணுங்க," என்றார் மேனேஜர்.

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க பாக்கெட்டுல இருக்கறதை எடுத்து வெளிய மாட்டுங்க," என்றேன்.

"நாலெழுத்துப் படிச்சு சூப்பர்வைசர் ஆனதும் வாய் நீளுது," என்றார் மேனேஜர்.

முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் லைனில் தைக்கும் தமயந்தி ஆறு மாத வயிற்றோடு எழுந்து தண்ணீர் கேன் பக்கம் போனாள். மேனேஜரைப் பார்த்தபடியே ஒரு டம்ளர் குடித்தாள். மறுபடி பிடித்தாள்.

"போதும் புள்ள," என்றேன்.

மூன்றாவதையும் குடித்துவிட்டு, மெஷினில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். டோக்கன் கேட்கவில்லை; இடத்தை விட்டு எழவும் இல்லை.