ஐஸ் எலி வேண்டாம்

கண்ணாடிப் பெட்டியிலேயே பிறந்து வளர்ந்த பாம்புக்கு, ஃப்ரீசரில் உறையவைத்திருந்த செத்த ஐஸ் எலியை வெந்நீரில் இளக்கி நீட்டினாள் வீட்டுக்காரி.

“ஸ்ஸ்சீ! ஐஸ்ல வச்சதா? வேட்டையாடித் தின்ன பரம்பரை நாங்க! உசுரோட கொண்டா!”

மூன்று வாரம் பட்டினி கிடந்தது. மனசு கேட்காமல் அவள் உயிருள்ள எலி ஒன்றை வாங்கிவந்து பெட்டிக்குள் விட்டாள்.

எலி மூலையில் ஒடுங்கியது. “அண்ணே, எனக்கு வலிக்கும்ணே! அந்த ஐஸ் எலிக்கு இனிமே வலிக்கவா போகுது? அதையே முழுங்குங்களேன்.”

“வாயை மூடு! சாப்பாடெல்லாம் பேசக் கூடாது!”

எலி பேச்சை நிறுத்திவிட்டு, பாம்பின் மூக்கை நறுக்கென்று கடித்தது.

பாம்பு கண்ணாடியில் முட்டி முட்டி வீட்டுக்காரியிடம் அலறியது: “அநியாயமா இருக்கே! உசுரோடதானே கேட்டேன்? பல்லோட கேட்டேனா?”